எந்த டிப்போ, மேடம்?

என் பெண்ணுக்கு வரன் பார்த்த தரகர், பிள்ளை வீட்டாரிடம் என்னைப் பற்றி, "பொண்ணோட அப்பா கப்பல் லைன்ல இருக்கார்" என்று சொல்லிவிட்டார். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் வெள்ளைச் சீருடை, தோளில் தங்கப் பட்டை, வாயில் பைப் என்றெல்லாம் கற்பனை பண்ணிக்கொண்டு அம்பத்தூர் வந்து இறங்கினார்கள். நான் அப்போது லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீர் மோட்டாரைக் கழற்றி வாசலில் பரப்பி வைத்திருந்தேன். "கேப்டன் ஸார் இல்லீங்களா?" என்று என்னிடமே விசாரித்தார் பிள்ளையின் மாமா.

நான் கேப்டன் இல்லை. கப்பலில் வருகிற வெள்ளைக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிற கைடு. அதிலும், வெள்ளைக்காரர்களுக்கு வெள்ளைக்காரன் கட்டியதையே காட்டுகிறவன். (கல்யாணம் அங்கேயே முடிந்தது. மாப்பிள்ளை தங்கமான பையன். மாமாதான் இன்னும் என்னை 'கேப்டன்' என்கிறார்.)

அதற்கு முன்னால் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் ஸ்டோர்ஸ் கீப்பர். நட்டு, போல்ட்டு, வாஷர், பேரிங். ஒன்று குறைந்தாலும் ராத்திரி தூக்கம் வராது. கம்பெனியை மூடினார்கள். கையில் கொஞ்சம் பணம், நிறையப் பொழுது. கன்னிமாரா நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். எஸ். முத்தையா 1981-ல் எழுதிய 'மெட்ராஸ் டிஸ்கவர்ட்' புத்தகம் அங்கே கையில் மாட்டியது. அடடா, ஐம்பது வருஷமாகப் பார்த்த ஊரை நாம் பார்க்கவே இல்லையே என்று தோன்றியது. அப்புறம் பரீட்சை எழுதி, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கைடு அட்டையும் வாங்கினேன். ஸ்டோர்ஸ் புத்தி மட்டும் போகவில்லை. காரில் ஏறும்போது எத்தனை தலை, இறங்கும்போது எத்தனை தலை என்று இன்றைக்கும் எண்ணுகிறேன்.

தொழிலைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மழைக்காலம் முடிகிற சமயத்திலிருந்து ஏப்ரல் வரைக்கும் சென்னைத் துறைமுகத்துக்கு அவ்வப்போது உல்லாசக் கப்பல்கள் வரும். கொழும்பிலிருந்து வந்து, அந்தமானுக்கோ தாய்லாந்துக்கோ போகிற வழியில் ஒரு நாள் நிற்கும். காலையில் வந்தால் சாயங்காலம் கிளம்பிவிடும். பாதிப் பேர் ரிடையரான தம்பதிகள். கப்பல் கம்பெனியே பஸ் ஏற்பாடு செய்து ஊர் சுற்றிக் காட்டும். அதற்குத் தனிக் காசு, அதுவும் தலைக்கு இவ்வளவு என்று. அந்தக் காசைப் பார்த்து மயக்கம் வருகிறவர்கள் நாலு பேராகச் சேர்ந்துகொண்டு என்னைப் போன்ற ஆசாமியை முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள். கம்பெனிக்காரர்கள் ஓர் ஆளுக்கு வாங்குகிற மாதிரி தொகைக்கு நான் ஒரு வண்டியையே ஓட்டிவிடுவேன்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கம்பெனி பஸ் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும். என் வண்டி மாட்டிக்கொண்டால் காத்திருக்காது. சாயங்காலம் நாலரைக்குள் ஏற வேண்டும் என்றால் நாலரைதான். ஐந்துக்கு வந்தால், நீங்கள் கைகாட்ட, கப்பல் கைகாட்ட, சுபம். அப்புறம் உங்கள் செலவில் விமானம் பிடித்து அடுத்த துறைமுகத்தில் போய் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். உங்கள் மாத்திரை, மாற்றுத் துணி, பல்செட் எல்லாம் கப்பலோடு போயிருக்கும். இந்த மாதிரி ஒரே ஒரு தடவை நடந்தால் போதும், அந்த கைடுக்கு அதற்கப்புறம் சீசனே கிடையாது. அவர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்கிற வேகம், எங்கள் தெருக் குழாயடி தோற்றது!

இங்கிலாந்திலும் இதே பிழைப்பு உண்டு. ஸவுதாம்ப்டனில் கப்பல் இறங்கினால் ஸ்டோன்ஹெஞ்ச் கற்களுக்கும் ஸாலிஸ்பரி சர்ச்சுக்கும் கூட்டிப் போவார்கள். டோவரில் இறங்கினால் கேன்டர்பரி. அங்கேயும் என் மாதிரி ஒருத்தர் நிமிஷத்துக்கொரு தரம் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று நினைத்துக்கொள்வேன். என்ன, அவருக்கு மதுரவாயல் சிக்னல் கிடையாது. கொடுத்து வைத்தவர்.

கப்பல் வருகிற நாளில் நான் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்திருப்பேன். "ஏங்க, கப்பல் ஏழு மணிக்குத்தானே வருது? இப்பவே போய் இழுத்துட்டு வரப் போறீங்களா?" என்பாள் வீட்டுக்காரி. ஆனாலும் எலுமிச்சை சாதம் கட்டித் தந்துவிடுவாள். பக்கத்துத் தெருப் பையன் ஒருவனின் இன்னோவாதான் வண்டி. அவனே டிரைவர். பாடி வழியாகப் புறப்பட்டு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நுழைந்து, துறைமுக வாசலில் போய்ப் பெயரெழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கப்பல் கட்டியதும் இறங்கிவிட முடியாது. விசா பார்க்கணும், முகத்தைப் பார்க்கணும், முத்திரை குத்தணும். இரண்டாயிரம் பேர் இருந்தால் இரண்டாயிரம் முகம். ஒன்பதரை, பத்தாகிவிடும். அந்த இரண்டு மணி நேரமும் என் கண்முன்னால் என் நாளிலிருந்து கழிந்துகொண்டிருக்கும்.

முதலில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை. எழுந்ததும் காப்பி மாதிரி அது. துறைமுகத்துக்குப் பக்கம் வேறு. 1639 ஆகஸ்ட் 22-ம் தேதியிட்ட சாசனம், பிரான்சிஸ் டே, ஆண்ட்ரூ கோகன் என்று ஆரம்பித்து உள்ளே புனித மேரி சர்ச்சுக்குக் கூட்டிப் போவேன். 1680 அக்டோபர் 28-ல் அர்ச்சிக்கப்பட்டது. சூயஸுக்குக் கிழக்கே இருக்கிற ஆங்கிலிகன் சர்ச்சுகளில் மிகப் பழையது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று கூரையை வளைவாகக் கட்டினார்கள். திறந்த அடுத்த வாரமே, நவம்பர் 4-ம் தேதி, எலிஹு யேல் அங்கே கல்யாணம் பண்ணிக்கொண்டார். பின்னால் 1687-லிருந்து 1692 வரை இங்கே கவர்னர். சம்பாதித்ததில் ஒன்பது மூட்டைச் சரக்கும் நானூற்றுச் சொச்சம் புத்தகங்களும் 1718-ல் அமெரிக்காவில் ஒரு காலேஜுக்கு அனுப்பினார். சரக்கு 562 பவுனுக்குப் போயிற்று. காலேஜுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். யேல் யூனிவர்சிடி! கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ட்யூப் லைட் வாங்கிக் கொடுத்து அதில் பாதியை மறைத்துத் தன் பெயரை எழுதுகிறவரும் இந்தப் பரம்பரைதான் என்பது என் அபிப்பிராயம். அவர் காலத்தில் இந்தத் துறைமுகத்திலிருந்து அடிமைகளும் கப்பலேறினார்கள். அதையும் சொல்வேன். சொல்லும்போது காரில் ஏசி கொஞ்சம் அதிகமான மாதிரி இருக்கும்.

யேலின் சின்னப் பையன் டேவிட் இங்கேதான் இறந்தான். ஹைகோர்ட் வளாகத்தில் உள்ள பழைய சமாதி அவனுடையது. அந்த இடம்தான் ஆதியில் வெள்ளைக்காரர்களின் சுடுகாடு. 1758-ல் பிரெஞ்சுக்காரன் லாலி படையெடுத்து வந்தபோது அவனுடைய சிப்பாய்கள் சமாதிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கோட்டையைச் சுட்டார்கள். 'செத்தவர்களால் இப்படி ஒரு தொல்லையா!' என்று முற்றுகை முடிந்ததும் கல்லறைகளை இடித்துவிட்டு, எழுத்து வெட்டிய கற்களை மட்டும் கொண்டுவந்து மேரி சர்ச்சைச் சுற்றிலும் தளமாகப் பாவிவிட்டார்கள். இன்றைக்கு அந்த எழுத்துகள் மேல்தான் நடந்து உள்ளே போகிறோம். டேவிட் சமாதி அப்போது தப்பியது. அதையும் இடம் மாற்றச் சொல்லி 2023-ல் கோர்ட் உத்தரவு வந்தது.

கிளைவுக்கும் இதே சர்ச்சில்தான் கல்யாணம், 1753-ல். 'ராபர்ட் கிளைவ்' என்று நான் நிறுத்தி, ஒரு கை உயர்த்தி, சிவாஜி மாதிரி சொல்வேன். இங்கிலீஷ்காரர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "யார் அவர்?" என்பார்கள். முதலில் கேலி பண்ணுகிறார்களோ என்று நினைத்தேன். இல்லை ஸார், நிஜமாகவே தெரியவில்லை! நாமெல்லாம் எட்டாம் வகுப்பில் கிளைவையும் ஹேஸ்டிங்ஸையும் மனப்பாடம் பண்ணிப் பிரம்படி பட்டோம். அவர்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் ஹென்றியின் ஆறு பெண்டாட்டிகளோடு நிறுத்திக்கொண்டார்கள் போலிருக்கிறது.

ஜெர்மன்காரர்கள் வந்தால் வேறு ரூட். ஹைகோர்ட் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி 'எம்டன்' கப்பல் வந்து குண்டு போட்டதற்கு அடையாளம். எண்ணெய் டாங்குகள் எரிந்தன, ஊர் காலியாயிற்று. ஒரு ஜெர்மன் கிழவரிடம், "எங்கள் வீட்டில் என் அப்பாவுக்கே எம்டன் என்றுதான் பெயர்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "கண்டிப்பான ஆள், பலே ஆசாமி, கிட்டே போனால் ஆபத்து. இப்படிப்பட்டவரைத் தமிழில் எம்டன் என்போம். சினிமாகூட வந்துவிட்டது" என்று விளக்கினேன். மனுஷர் டைரியை எடுத்து ஜாக்கிரதையாக எழுதிக்கொண்டார். பெண்டாட்டியிடம் ஏதோ ஜெர்மனில் சொன்னார். அந்த அம்மாள் அவரைக் காட்டி, "எம்டன்!" என்றாள். உலகம் முழுக்க ஒரே கதைதான்.

நான் சொல்ல வந்தது இதையெல்லாம் அல்ல, பூந்தமல்லி விஷயம்.

போன சீசனுக்கு முந்தின சீசன். என் வண்டியில் நாலு பேர். லீட்ஸ் நகரத்து அக்கவுன்டன்ட் ஒருவர், அவர் மனைவி, ரிடையரான டீச்சர் ஒருத்தர், இவர்களோடு எழுபத்தெட்டு வயசில் ஒரு பாட்டியம்மா. கப்பலிலேயே சிநேகிதமானவர்கள். கோட்டை, சாந்தோம், மயிலாப்பூர், அப்புறம் ஷாப்பிங் என்று திட்டம். மேரி சர்ச்சில் கல்லறைக் கற்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது பாட்டியம்மா மட்டும் குனிந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"புன்-அ-மலி இங்கிருந்து தூரமா?"

எனக்கு ஒரு விநாடி பிடிபடவில்லை. காகிதத்தைப் பார்த்ததும் புரிந்தது. பூந்தமல்லி! எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். சீட்டு எடுத்துத் துபாய் போனவனிடம், 'உங்க ஊர்ல இட்லி கிடைக்குமா?' என்று கேட்ட மாதிரி இருந்தது.

அந்தக் காகிதம் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் எடுத்த நகல். கம்பெனி காலத்திலிருந்து இங்கே நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி கப்பலேறி லண்டன் போகும். அந்த ரிஜிஸ்டர்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. இதில் ஒரே வரி. 1862. ஒரு சிப்பாயின் மகன். வயது பதினோரு மாதம். அடக்கம் செய்த இடம், பூந்தமல்லி. பாட்டியம்மாவின் கொள்ளுப்பாட்டிக்குத் தம்பி.

"நாங்கள் யாரும் போய்ப் பார்த்ததில்லை. என் அம்மாவுக்கு ஆசை இருந்தது. அவரும் போய்விட்டார். அங்கே ஒரு டிப்போ இருந்ததாமே?" என்றார்.

இருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்து இறங்குகிற சிப்பாய்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும், காய்ச்சலில் விழுந்தவர்களைத் தேற்றவும், தேறாதவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பவும் பூந்தமல்லியில் ஒரு ராணுவ டிப்போ வைத்திருந்தார்கள். அப்போது இங்கே துறைமுகமே கிடையாது. வேலையே 1875-ல்தான் ஆரம்பித்தது. 1881-ல் புயல் வந்து பெரும் பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டது. 1862-ல் கப்பல் நடுக்கடலில் நிற்கும். மசூலாப் படகில் இறக்கி, அலையில் தூக்கிப் போட்டு, நனைய நனையக் கரைக்குக் கொண்டுவருவார்கள். ஆறு மாதமோ நாலு மாதமோ கடலில் வந்த ஒரு சிப்பாய்ப் பெண்சாதி அப்படித்தான் இறங்கியிருப்பாள். அப்புறம் பூந்தமல்லி ஹைரோடு. அந்த ரோடு அன்றைக்கும் இருந்தது.

நான் வாட்சைப் பார்த்தேன். பதினொன்றரை. நாலரைக்குக் கப்பல். பூந்தமல்லி போக ஒரு மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். சாந்தோம், மயிலாப்பூர் இரண்டையும் ஓட்டமாக முடித்தால், ஷாப்பிங்கை வெட்டினால், சாப்பாட்டைக் காரிலேயே வைத்துக்கொண்டால்... முடியும். 'முடியும்' என்பதற்கும் 'முடிந்தது' என்பதற்கும் நடுவில் கோயம்பேடு இருக்கிறது.

அக்கவுன்டன்ட் ஒப்புக்கொள்ளவில்லை. "திட்டத்தில் இல்லையே" என்றார். நியாயம்தான். நாலு பேர் சேர்ந்து கொடுத்த காசு. அவருடைய மனைவிதான், "எட்டுத் துறைமுகத்தில் எட்டு யானை பொம்மை வாங்கியாகிவிட்டது. ஒன்பதாவது யானை இல்லாமல் நான் உயிர் வாழ்வேன்" என்றார். டீச்சரும் கை தூக்கினார். மூன்றுக்கு ஒன்று. தீர்மானம் நிறைவேறியது.

போகிற வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே போனேன். பயத்தில் எனக்குப் பேச்சு அதிகமாகும். கோட்டை கட்ட இடம் கொடுத்த கதையே பூந்தமல்லியில்தானே ஆரம்பிக்கிறது! தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் வந்தவாசிப் பக்கம் இருக்க, அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் உட்கார்ந்துகொண்டு கடற்கரைப் பகுதியைக் கவனித்தார். டே துரை பேச்சு நடத்தியது அவர் மூலம்தான். அதாவது, லண்டனில் கம்பெனி, கடற்கரையில் கோட்டை, ஆனால் காரியம் முடிந்தது எங்கள் பக்கத்தில்! இன்றைக்கும் நிலம் சம்பந்தப்பட்ட காரியம் என்றால் எங்கள் பக்கத்தில்தான் தரகர் ஜாஸ்தி. தென்னிந்தியாவின் முதல் ரயில், 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடியதும் அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான். அக்கவுன்டன்டே இதற்குத் தலையாட்டினார். ரயில் என்றால் இங்கிலீஷ்காரர்கள் உருகிவிடுவார்கள்.

ஒன்றே முக்காலுக்குப் பூந்தமல்லி. நான் பாட்டியம்மாவோடு பேசிக்கொண்டிருந்த ஜோரில் டிரைவர் தம்பியைக் கவனிக்கவில்லை. வண்டி நின்றது. "டிப்போ வந்துடுச்சு ஸார்" என்றான். நிமிர்ந்து பார்த்தால், மாநகரப் பேருந்து டிப்போ! வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர், நாலு வெள்ளைக்காரர்கள் இறங்குவதைப் பார்த்துவிட்டு உதவி செய்கிற உத்வேகத்தோடு ஓடி வந்தார். "எங்க போவணுமாம்? தாம்பரமா, பிராட்வேயா?"

"1862-க்குப் போகணுமாம்" என்றேன்.

"அந்த நம்பர் இங்கேர்ந்து கிடையாதே ஸார்" என்றார் அவர், ரொம்ப யோசித்து.

பட்டாளத்து டிப்போ என்று விளக்கியதும், "மிலிட்டரியா? அது ஆவடி" என்றார். பக்கத்து டீக்கடைக்காரர், "மெட்ரோ டிப்போவைக் கேக்கறாங்களோ என்னமோ" என்று பைபாஸ் பக்கம் கையைக் காட்டினார். அதுவும் உண்டு, ரயில் நிறுத்த அங்கே பெரிசாகக் கட்டியிருக்கிறார்கள். பூந்தமல்லிக்கு டிப்போ ராசி. பாட்டியம்மாவின் டிப்போவைத் தவிர எல்லா டிப்போவும் இருந்தது.

டிரைவர் தம்பி என்னைத் தனியே அழைத்தான். "ஸார், அந்தாண்ட ஒரு பழைய செவுரு இருக்கு. செங்கல்லெல்லாம் பேந்து, ஆலஞ்செடி மொளைச்சு, சூப்பரா இருக்கும். அதக் காட்டி, இதான்னு சொல்லிடுங்க. அந்தம்மா மனசு குளிந்துடும். நமக்கும் டைம் மிச்சம்."

உங்களிடம் சொல்வதற்கென்ன, இந்தத் தொழிலில் இது ரொம்ப சுலபம். ஒரு சுவரைக் காட்டி ராஜா நின்றார் என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? எங்கள் பக்கத்திலேயே ஆவடியின் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். 'ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் அம்யூனிஷன் டிப்போ ஆஃப் இந்தியா' என்பதன் முதல் எழுத்துகளாம்! டாங்க் தொழிற்சாலை வந்ததே 1960-களில். காங்கிரஸ் மகாசபை கூடி 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது 1955-ல், ஆவடியில். தொழிற்சாலைக்கு முன்னாலேயே அதன் சுருக்கம் பிறந்துவிட்டதா? ஆனால் இந்தக் கதையைச் சொன்னால் டூரிஸ்ட் முகம் மலர்கிறது. உண்மையைச் சொன்னால் கொட்டாவி விடுகிறார். நட்டு இருப்பில் நூற்றுப்பத்து என்றால் நூற்றுப்பத்துதான் இருக்க வேண்டும் என்று இருபத்தெட்டு வருஷம் பழகியவனுக்கு இது ஒத்துவரவில்லை. நான் அதைச் சொல்வதில்லை.

பாட்டியம்மாவோ அந்தச் சுவரைப் பார்க்க எட்டாயிரம் கிலோமீட்டர் வந்திருக்கிறார்.

அவரிடம் போய்ச் சொன்னேன். "மேடம், ஊர் இதுதான். ரோடு இதுதான். டிப்போ எந்த இடத்தில் ஆரம்பித்து எந்த இடத்தில் முடிந்தது என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியாது. உங்கள் குழந்தையின் இடத்தையும் காட்ட முடியாது. பெரிய அதிகாரிகளுக்குக் கல் வைத்தார்கள். அந்தக் கற்களையெல்லாம் காட்டன் என்ற ஒரு ஐ.சி.எஸ். துரை பட்டியல் போட்டு 1905-ல் புத்தகமே கொண்டுவந்தார். சிப்பாய் சம்பளத்தில் பதினோரு மாதக் குழந்தைக்குக் கல் வைத்திருப்பார்களா என்பது சந்தேகம்."

அவர் அழவில்லை. காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தார். "நல்லது. நான் இங்கே கொஞ்ச நேரம் நிற்கலாமா?" என்றார்.

எங்கே நிற்பது? பிளாட்பாரம் பூரா கடை. பூக்காரம்மா ஒருத்தர் தன் கூடையை நகர்த்தி நிழலில் இடம் கொடுத்தார். அக்கவுன்டன்ட் வாட்சைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு மணி. அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் இருந்த ஒற்றுமை சகோதரர்களுக்குக்கூட இருக்காது.

"யாரு ஸார் அது, ஒத்தையா நிக்குது?" என்று கேட்டார் பூக்காரம்மா. சொன்னேன். அந்த அம்மாவின் பாட்டிக்கு அம்மா, அவங்களுக்கு ஒரு தம்பி, நூற்றறுபது வருஷத்துக்கு முன்னால், இங்கே, குழந்தையாக.

"எத்தினி வயசாம்?"

"பதினோரு மாசம்."

"அடப் பாவமே, நிக்கப் பழகுற வயசு" என்றார் பூக்காரம்மா. 1862 என்பதெல்லாம் அவருக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. போன வாரம் போன குழந்தையைப் பற்றி விசாரிக்கிற மாதிரியே கேட்டார். "ஜுரமா?"

இதை மொழிபெயர்த்தேன். பாட்டியம்மா, "தெரியவில்லை. அதில் எழுதவில்லை" என்றார். பூக்காரம்மா, "ஜுரமாத்தான் இருக்கும்" என்று முடிவு செய்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். பூவிருந்தவல்லி என்பதுதான் இந்த ஊரின் பெயர், பூ இருக்கிற ஊர் என்று அர்த்தம் சொல்வார்கள் என்றேன். பாட்டியம்மா கூடையைப் பார்த்துவிட்டு மல்லிகை வேண்டும் என்றார்.

காசு வாங்க மாட்டேன் என்று பூக்காரம்மா மறுத்துவிட்டார் என்று எழுதினால் இந்த இடத்துக்குப் பிரமாதமாக இருக்கும். வாங்கினார். முழம் நாற்பது ரூபாய், கறார். ஆனால் அளக்கும்போது கவனித்தேன். ஒரு முழம் என்று கை காட்டியது இரண்டு முழத்துக்குக் குறையாது.

பூவை எங்கே வைப்பது என்று பாட்டியம்மா என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பூக்காரம்மாவைக் கேட்டேன். "இதுக்கு இன்னா கேள்வி? அவங்க தலையில வெக்கச் சொல்லு. அவங்க வூட்டுப் புள்ளதானே?" என்று சொல்லிவிட்டுத் தானே எழுந்து, அந்த வெள்ளை முடியில் எங்கே குத்துவது என்று தடவிப் பார்த்து, ஊக்கு கிடைக்காமல், தன் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவிச் செருகினார். டீச்சர் போட்டோ எடுக்கப் போனார். பிறகு என்ன தோன்றியதோ, காமிராவைக் கீழே இறக்கிவிட்டார்.

இரண்டு இருபத்தைந்துக்குக் கிளம்பினோம்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கே பிடிக்கவில்லை. மதுரவாயலில் பன்னிரண்டு நிமிஷம். கோயம்பேட்டில் ஒரு கல்யாண ஊர்வலமா, கட்சி ஊர்வலமா தெரியவில்லை, பதினெட்டு நிமிஷம். அமைந்தகரையில் ஒரு லாரி குறுக்கே நின்றுகொண்டு பின்னால் வருவதா, முன்னால் போவதா என்று தத்துவ விசாரத்தில் இருந்தது. மூன்று முப்பத்தைந்து. நான் வீட்டுக்காரி கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தை எடுத்து நீட்டினேன். அக்கவுன்டன்ட் மட்டும் சாப்பிட்டார். கவலையில் சிலருக்குப் பசிக்கும். கீழ்ப்பாக்கத்தில் டிரைவர் தம்பி ஏதோ ஒரு சந்தில் நுழைந்தான். அவன் நுழைந்த சந்துகளில் இரண்டு, நான் என் ஆயுளில் பார்த்திராதவை. சென்ட்ரல் வந்தது. மூன்று ஐம்பத்தெட்டு. ராஜாஜி சாலை. நாலு ஆறு. துறைமுக வாசல். எண்ணினேன். நாலு தலை.

அக்கவுன்டன்ட் இறங்கியதும் பர்ஸை எடுத்தார். பேசிய தொகையை எண்ணிக் கொடுத்துவிட்டு, "பூந்தமல்லிக்குத் தனியாக எவ்வளவு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். "டீசலுக்காவது?" என்றார். டீசல் கணக்கைச் சொன்னேன். பைசா சுத்தமாகக் கொடுத்தார். கூட ஒரு ரூபாய் இல்லை. எனக்கு அந்த மனுஷரை ரொம்பப் பிடித்துப் போய்விட்டது.

பாட்டியம்மா கைகுலுக்கினார். பூ கொஞ்சம் வாடியிருந்தது. செக்கிங் வாசலில் காவலர், ஹேர்பின்னுக்காக மெஷின் 'கீ' என்று கத்தியதும், அவரை இன்னொரு தடவை நடந்து வரச் சொன்னார். தலையைத் தொட்டுக் காட்டினார் பாட்டியம்மா. பூவைப் பார்த்துவிட்டுப் 'போங்க போங்க' என்று விட்டுவிட்டார் காவலர்.

அந்த ஹேர்பின்னைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். எப்படிக் கொடுப்பது? அடுத்த வாரம் பூந்தமல்லி போனபோது ஒரு அட்டை ஹேர்பின் வாங்கிக்கொண்டு போய்ப் பூக்காரம்மாவிடம் கொடுத்தேன். "யாரு குடுத்தது?" என்றார். வெள்ளைக்காரம்மா என்றேன். "அது நல்லாருக்கா?" என்று விசாரித்துவிட்டு, "உன் பொண்டாட்டிக்குப் பூ வாங்கிட்டுப் போ" என்றார். இந்தத் தடவை ஒரு முழம் ஒரு முழமாகத்தான் இருந்தது.

டிரைவர் தம்பிக்கு மட்டும் இன்னும் மனத்தாங்கல். அந்தச் சுவரை இப்போதெல்லாம் அந்தப் பக்கம் போகும்போது எனக்குக் காட்டுகிறான். "எவ்ளோ நல்ல செவுரு ஸார்!" நல்ல சுவர்தான். யார் கட்டியது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த கப்பல் வெள்ளிக்கிழமை வருகிறது. கோட்டை மியூசியம் வெள்ளிக்கிழமை லீவு. ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள், இன்னோவாவில் நெருக்கி உட்கார வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.